நாற்பது வேலி நிலமும் ஒரு கோயில் வாசலும்: அடிமைமுறை, கதை, பொதுக்கருத்து

மைசூருக்கு ஆய்வு செய்ய வந்த முதல் ஆண்டில் கன்னட நண்பர் ஒருவர் கேட்டார்: "எங்கள் ஊரில் 'ஜீத' என்கிறோமே, அதற்குத் தமிழில் என்ன சொல்?" 'கொத்தடிமை' என்றேன். "அது அரசாணைச் சொல். உங்கள் ஊர்க் கிழவிகள் என்ன சொல்வார்கள்?" என்றார். சற்று யோசித்துப் 'படியாள்', 'பண்ணையாள்' என்று இரண்டு சொற்களைச் சொன்னேன். இந்த மூன்று சொற்களும் ஒரே இடத்தில் அருகருகே அச்சாகியிருப்பதைப் பின்னர்தான் அறிந்தேன். 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தின் இரண்டாம் பிரிவில், வழக்காற்றின் பெயரால் நிலவும் கட்டாய உழைப்பு வடிவங்கள் என்று ஏறத்தாழ முப்பது பெயர்கள் வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. ஜீத, படியாள், பண்ணையாள், வெட்டி, தெலுங்கின் பாலேறு, மலையாளக் கரையின் செருமார் என இந்தியாவின் பல மூலைகளின் சொற்கள் அங்கே உள்ளன. 'ஹொலெய' என்ற சாதிப் பெயரும் அப்பட்டியலில் ஒரு கட்டாய உழைப்பு வடிவத்தின் பெயராகவே இடம்பெறுகிறது. ஒரு சமூகத்தின் பெயரும் அடிமைநிலையின் பெயரும் ஒன்றாகவே புழங்கியதற்கு இதைவிட வெளிப்படையான சட்டச் சான்று வேண்டியதில்லை.

இதற்கு 133 ஆண்டுகளுக்கு முன், 1843-இல், கிழக்கிந்தியக் கம்பெனி அரசு இயற்றிய அடிமைச் சட்டத்தில் இப்படிப் பெயர்ப்பட்டியல் ஏதும் இல்லை. 'அடிமை' என்ற பொதுச்சொல் ஒன்றே அதற்குப் போதுமானதாக இருந்தது. இவ்விரு சட்டங்களுக்கும் இடையில் அந்த முப்பது பெயர்களும் எவ்வாறு பொதுவெளியின் காதில் விழுந்தன? அதில் புனைகதைக்கு என்ன பங்கு? இப்பதிவு அந்த வினாவைப் பற்றியது. சற்று நீளமானது, பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

1

அடிமை ஒழிப்பு இலக்கியம் என்றதும் வகுப்பறையில் முதலில் எழும் பெயர் ஹாரியட் பீச்சர் ஸ்டோ. அவருடைய 'அங்கிள் டாம்ஸ் கேபின்' 1851 ஜூன் தொடங்கி வாஷிங்டனின் 'தி நேஷனல் இரா' இதழில் தொடராக வந்தது. 1852 மார்ச்சில் நூலாயிற்று. முதல் ஆண்டிலேயே அமெரிக்காவில் ஏறத்தாழ 3,00,000 படிகள் விற்றன. உள்நாட்டுப் போரைத் தொடங்கி வைத்தவர் அந்தச் சிறு பெண்மணிதான் என்று லிங்கன் கூறியதாக ஒரு கதை உண்டு. அதற்குச் சமகாலச் சான்று கிடையாது. பல பத்தாண்டுகள் கழித்தே அது அச்சில் தோன்றுகிறது. ஆனால் அந்நூலின் தாக்கத்தை நிறுவ அக்கதை தேவையுமில்லை. வலுவான சான்று எதிரிகளிடம் இருக்கிறது. ஸ்டோவுக்கு மறுப்பாக, அடிமைமுறையை அன்பான குடும்ப ஏற்பாடாகச் சித்திரித்து இருபதுக்கும் மேற்பட்ட நாவல்கள் அடுத்த சில ஆண்டுகளில் எழுதப்பட்டன. யாரும் நம்பாத கதைக்கு யாரும் மறுப்பு எழுதுவதில்லை. நூல் பொய் என்ற குற்றச்சாட்டு எழுந்தபோது, ஸ்டோ 1853-இல் தம் கதைக்கான ஆவணச் சான்றுகளைத் திரட்டித் தனி நூலாகவே வெளியிட வேண்டியதாயிற்று.

இங்கே இரண்டு செய்திகளை மனத்தில் இருத்த வேண்டும். முதலாவது, அமெரிக்காவில் கதை முந்தியது, ஒழிப்புச் சட்டம் பிந்தியது. நாவல் வெளிவந்து பதின்மூன்று ஆண்டுகளும் ஒரு பெரும்போரும் கடந்த பின்னரே, 1865-இல், அரசியலமைப்புத் திருத்தம் நிறைவேறியது. இரண்டாவது, அக்கதைக்கு முன்பே சாட்சியம் இருந்தது. 1789-இல் ஒலாடா ஈக்வியானோ, 1845-இல் ஃபிரெடெரிக் டக்ளஸ் எனத் தாமே அடிமைகளாக இருந்தவர்கள் தம் வரலாற்றைத் தம் பெயரில் எழுதியிருந்தனர். ஸ்டோவின் கற்பனை அந்தச் சாட்சியங்களின் மேல் கட்டப்பட்டது.

தென்னிந்தியாவில் இவ்விரண்டுமே தலைகீழாக நிகழ்ந்தன.

2

பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1833-இல் இயற்றிய அடிமை ஒழிப்புச் சட்டம், கம்பெனியின் ஆட்சிப்பகுதிகளையும் இலங்கையையும் செயின்ட் ஹெலினாவையும் வெளிப்படையாக விலக்கி வைத்தது. கரீபியத் தீவுகளின் உடைமையாளர்களுக்கு 2 கோடி பவுண்டு இழப்பீடு வழங்கிய அதே அரசு, தஞ்சைக் கழனிகளையும் மலபார் வயல்களையும் தென்கன்னடத்துப் பாக்குத் தோட்டங்களையும் தொடவில்லை. இங்கு அடிமைகள் இருப்பது அரசுக்குத் தெரியாததன்று. திப்புவின் வீழ்ச்சிக்குப் பின், 1800-இல், சென்னையிலிருந்து புறப்பட்டு மைசூர், கன்னடம், மலபார் ஆகிய நாடுகளைச் சுற்றிவந்த பிரான்சிஸ் புக்கானன், மலபாரில் மனிதர்களை நிலத்தைப் போலவே விற்பதையும் அடகு வைப்பதையும் வாடகைக்கு விடுவதையும் விரிவாகப் பதிவு செய்தார். அவருடைய மூன்று தொகுதிகள் 1807-இல் லண்டனில் அச்சாகிவிட்டன. 1841-இல் சட்ட ஆணையத்தின் அறிக்கையும் வந்தது. ஆனால் இவ்வறிக்கைகளில் பேசுவோர் பெரும்பாலும் ஆட்சியர்களும் நீதிபதிகளும் நிலவுடைமையாளர்களுமே. ஒரு படியாள் தன் வாழ்க்கையைத் தானே சொன்ன நூல் ஒன்றும் அவர்கள் முன் இருக்கவில்லை.

1843-ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் மிகச் சுருக்கமானது, நான்கே பிரிவுகள். வரிபாக்கிக்காகவோ நீதிமன்ற ஆணைக்காகவோ எந்த அதிகாரியும் மனிதரை விற்கக் கூடாது. மனிதர் மீதான உடைமை உரிமையை எந்த நீதிமன்றமும் நிலைநாட்டக் கூடாது. அடிமை என்ற காரணத்தால் ஒருவருடைய சொத்தைப் பறிக்கக் கூடாது. சுதந்திரமானவருக்குச் செய்தால் குற்றமாகும் செயல், அடிமைக்குச் செய்தாலும் குற்றமே. நான்கும் நல்ல பிரிவுகள்தாம். எனினும் இச்சட்டம் யாரையும் நேரடியாக விடுவிக்கவில்லை. நீதிமன்றத்தின் கண்ணைத்தான் மூடியது. அடிமையாக வைத்திருப்பது தண்டனைச் சட்டத்தின் வழியே குற்றமாவது 1862-இல்தான். தர்மா குமார், பெனிடிக்ட் யெல்லே போன்ற வரலாற்றாசிரியர்கள் காட்டியிருப்பதுபோல், நிலமற்ற உழைப்பாளியை நிலத்தோடு பிணைக்கக் கடனும் சாதியும் குடியிருப்பு மனையும் போதுமானவையாக இருந்தன. உடைமைப் பத்திரம் இருந்த இடத்தில் கடன் சீட்டு வந்து அமர்ந்தது.

விளைவு ஒரு மொழியியல் நிகழ்வு. 'அடிமை' என்ற சொல் ஆவணங்களிலிருந்து மெல்ல மறைந்தது. சொல் மறைந்ததால் பொருளும் மறைந்துவிட்டதாக அரசு எழுதிக்கொண்டது. வயலிலோ வேறு சொற்கள் புழங்கின. அச்சொற்களின் அமைப்பைக் கவனியுங்கள். 'படியாள்' என்பதில் உள்ள 'படி', அன்றாடம் அளக்கும் தானியம். கன்னட 'ஜீத', 'ஜீவித' என்பதன் திரிபு. அதன் பழம்பொருள் ஊதியம், பிழைப்பூதியம். நம் கல்வெட்டுகளிலும் 'சீவிதம்' அப்பொருளில் வரும். இரு மொழிகளிலும் கட்டுண்ட உழைப்பின் பெயர் கூலியின் பெயரிலிருந்தே பிறந்திருக்கிறது. கூலி பெறுபவன் அடிமையாவது எப்படி என்று அதிகாரி கேட்டால், அச்சொல்லே விடை சொல்லிவிடும். இத்தகைய சொல்லின் உள்ளே என்ன இருக்கிறது என்பதைச் சட்டத்தால் காட்ட இயலவில்லை. கதையால் இயன்றதா?

3

அதற்கு முன் ஓர் ஒப்புதல் தேவை. கதை எப்போதும் விடுதலையின் பக்கமே நின்றதில்லை. தமிழில் மிகப் புகழ்பெற்ற அடிமைப் பத்திரம் எது என்று கேட்டால், சுந்தரர் வரலாற்றில் வரும் ஆளோலையைத்தான் சொல்ல வேண்டும். திருமணப் பந்தலில் நுழையும் முதிய அந்தணர், மணமகனின் பாட்டனார் எழுதிக்கொடுத்த ஓலையைக் காட்டி, வழிவழியாக நீ எனக்கு அடிமை என்கிறார். சுந்தரர் ஓலையைக் கிழிக்கிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குச் செல்கிறது. மூல ஓலை வெளிவருகிறது. பாட்டனாரின் கையெழுத்தோடு ஒப்பிடப்படுகிறது. உண்மை எனத் தீர்ப்பாகிறது.

இக்காட்சியில் சுந்தரர் எழுப்பும் மறுப்பு என்ன? மனிதன் மனிதனுக்கு அடிமையாவது தகாது என்பதன்று. அந்தணன் இன்னோர் அந்தணனுக்கு அடிமையாவது எங்கும் உண்டா என்பதே. பாட்டன் எழுதிய ஓலை பேரனைக் கட்டுமா என்ற கேள்வியைச் சபையும் கேட்கவில்லை. ஓலை உண்மையா என்பதை மட்டுமே கேட்டது. பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சேக்கிழாரின் வாசகர்களுக்கு அந்த நடைமுறை அத்துணை இயல்பாக இருந்தது. கல்வெட்டுகளும் அதையே சொல்கின்றன. 1201-இல் பஞ்சத்தில் வாடிய வேளாளர் ஒருவர் தம் இரு மகள்களோடு 110 காசுக்குத் திருப்பாம்புரம் கோயிலுக்குத் தம்மையே விற்றுக்கொண்டார். பக்திக்கதை அச்சட்ட வடிவத்தை அருளின் வடிவமாக உயர்த்தியது. 'அடிமை' தமிழில் ஒரே நேரத்தில் இழிசொல்லாகவும் உயர்சொல்லாகவும் வாழ்வதற்கு இது ஒரு காரணம்.

4

இனி மையச் செய்திக்கு வருகிறேன். ஸ்டோவின் நாவல் வெளிவந்து ஒன்பது ஆண்டுகளுக்குப் பின், 1861-இல், கோபாலகிருஷ்ண பாரதியாரின் 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை' அச்சேறியது. இரண்டுக்கும் எந்த நேரடித் தொடர்பும் இல்லை. ஆயினும் அடிமை ஒழிப்புப் புனைவு என்று தமிழில் ஒன்றைச் சுட்டச் சொன்னால் நான் இதையே சுட்டுவேன்.

காரணம் எளிது. பெரிய புராணத்துத் திருநாளைப்போவாருக்கு ஆண்டை கிடையாது. அவர் ஆதனூர்ப் புறச்சேரியில் வாழ்கிறார். கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும் தருகிறார். நாளை போவேன், நாளை போவேன் என்று தில்லையை எண்ணித் தயங்குகிறார். அவரைத் தடுப்பது அவர் பிறப்பைப் பற்றிய அச்சமே. கோபாலகிருஷ்ண பாரதியார் இத்தயக்கத்துக்குப் புறக்காரணம் ஒன்றைப் படைத்தார். அவருடைய நந்தன் ஒரு வேதியரின் பண்ணையாள். சிதம்பரம் போக ஆண்டையின் உத்தரவு வேண்டும். ஆண்டை உத்தரவு தர மறுக்கிறார், ஏசுகிறார், இறுதியில் நாற்பது வேலி நிலத்துப் பயிர்வேலையை முடித்துவிட்டுப் போ என்கிறார். ஒரே இரவில் இறையருளால் அது முடிகிறது. வேதியர் நந்தனின் காலில் விழுகிறார்.

பாரதியார் வாழ்ந்தது தஞ்சை நாட்டில். அங்கே மிராசுதாரரின் அனுமதியின்றிப் பண்ணையாள் ஊரெல்லை தாண்ட இயலாது என்பது பாட்டைக் கேட்ட ஒவ்வொருவரும் அறிந்தது. அடிமைத்தனத்தைச் சட்டம் ஒழித்துப் பதினெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. எந்தச் சட்டநூலும் சொல்லாததை அக்கீர்த்தனை சொல்லிவிட்டது: விற்பனைப் பத்திரம் இல்லாமலே ஒருவன் மற்றொருவனுக்கு உடைமையாக இருக்க முடியும், ஒரு நாள் விடுப்புக் கேட்டுப் பார்த்தால் அது விளங்கும். பண்ணையாள் முறையின் இலக்கணத்தை இவ்வளவு சுருக்கமாக விளக்கிய ஆவணம் வேறொன்றை நான் கண்டதில்லை.

அதன் பரவலும் எண்ணத்தக்கது. படிக்கத் தெரிந்தவர்களை நம்பி அது நிற்கவில்லை. கதாகாலட்சேபக்காரர்கள் அதை ஊர் ஊராகப் பாடினர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இலக்கணப் பிழைகளைக் கருதிச் சிறப்புப்பாயிரம் தரத் தயங்கியதையும், பின் பாட்டைக் கேட்டு மனம் உருகியதையும் உ.வே. சாமிநாதையர் எழுதியிருக்கிறார். 1935-இல் கே.பி. சுந்தராம்பாளும் 1942-இல் தண்டபாணி தேசிகரும் திரையில் நந்தனாக நடித்தனர். 1916-இல் சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்குத் தொடங்கிய கல்வி நிலையத்துக்கு நந்தனார் பெயரே சூட்டப்பட்டது. ஒரு கதைமாந்தரின் பெயர் பள்ளிக்கும் இயக்கத்துக்கும் ஆகிவருவது, அக்கதை பொதுக்கருத்தில் இறங்கியதற்கான நல்ல அளவுகோல்.

ஆனால் பொதுக்கருத்து அக்கதையில் எதை எடுத்துக்கொண்டது? நந்தன் கதையில் இரண்டு தடைகள் உள்ளன. ஒன்று நாற்பது வேலி நிலம். மற்றொன்று தில்லைக் கோயில் வாசல். கேட்டோர் கோயில் வாசலை எடுத்துக்கொண்டனர். நிலத்தை விட்டுவிட்டனர் என்பதே என் வாசிப்பு. இருபதாம் நூற்றாண்டில் நந்தன் பெயர் ஒலித்த இடங்கள் பெரும்பாலும் ஆலய நுழைவு மேடைகள். சென்னை மாகாணத்தில் ஆலய நுழைவுக்கான சட்டங்கள் 1939-இலும் 1947-இலும் வந்தன. பண்ணையாளுக்கான சட்டமோ 1952-இல்தான் வந்தது: தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம். அதைக் கொண்டுவந்ததும் கீர்த்தனையன்று. கன்னட நாட்டில் பிறந்து தஞ்சைக்கு வந்த பி. சீனிவாசராவ் போன்றோர் 1943 முதல் கட்டிய விவசாயத் தொழிலாளர் சங்கமே சவுக்கடிக்கும் சாணிப்பாலுக்கும் முடிவு கட்டியது. 1952-இன் சட்டத்துக்கும் வழி திறந்தது. அதன் பின்னரும் 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டனர். நெல்லை அறுத்தவர்கள் கூலி உயர்வு கேட்டதே அப்பகையின் வேர்.

நந்தனையும் டாமையும் அருகருகே வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. இருவரும் பக்தர்கள். இருவரும் பொறுமையால் வெல்கின்றனர். ஒருவர் சவுக்கடியில் உயிர்விடுகிறார். மற்றவர் தீயில் புகுந்து இறையோடு கலக்கிறார். உடைமையாளர் வகுப்பைச் சேர்ந்த வாசகர் அச்சமின்றி இரங்கத்தக்க மாந்தர்கள் இவர்கள். அந்த இரக்கமே அக்கதைகளின் வலிமையாகவும் எல்லையாகவும் ஆயிற்று. ஜேம்ஸ் பால்ட்வின் 1949-இல் ஸ்டோவின் மீது வைத்த விமர்சனமும், 'அங்கிள் டாம்' என்பது பின்னாளில் வசைச்சொல் ஆனதும் நாம் அறிந்தவை. நம் பக்கத்தில் இந்திரா பார்த்தசாரதியின் 'நந்தன் கதை' நாடகம், தீக்குளிப்பை அருளாகக் காணாமல் சூழ்ச்சியாகக் கண்டது. தலித் சிந்தனையாளர்கள் எழுப்பிய கேள்வி இன்னும் கூர்மையானது: கோயிலுக்குள் செல்ல ஒருவன் ஏன் எரிய வேண்டும்?

5

மேற்குக் கரையில் கதை வேறு பாதையில் சென்றது. திருவிதாங்கூர் அரசு 1855-இல் அடிமைமுறையை ஒழித்தது. அதன் பின்னரே கோட்டயம் சி.எம்.எஸ். கல்லூரி முதல்வரின் மனைவி திருமதி காலின்ஸ் ஆங்கிலத்தில் எழுதிய அடிமைக் கதை, 1860-களில் கல்லூரி இதழில் தொடராக வந்தது. 1877-இல் 'காதகவதம்' என மலையாள நூலாயிற்று. ஞாயிற்றுக்கிழமை உழைக்க மறுக்கும் அடிமைகள் மீது கிறித்தவ நிலவுடைமையாளர் காட்டும் கொடுமையில் ஒரு குழந்தை உயிரிழப்பதே கதையின் முடிச்சு. இங்கும் சட்டம் முந்தியது. கதை தன் சமயத்தைச் சேர்ந்த உடைமையாளரின் மனச்சான்றை நோக்கிப் பேசியது.

கண்ணூர் வழக்கறிஞர் போத்தேரி குஞ்ஞம்பு 1892-இல் வெளியிட்ட 'சரஸ்வதீவிஜயம்' இன்னும் துணிவானது. நம்பூதிரியின் ஆணையால் அடிபட்டு, இறந்ததாகக் கருதப்பட்ட புலையச் சிறுவன், தப்பிச் சென்று கல்வி பெற்று நீதிபதியாகி, அதே நம்பூதிரியின் கொலை வழக்கை விசாரிக்கிறான். நந்தனின் ஆண்டை அற்புதத்தால் பணிந்தார்; குஞ்ஞம்புவின் நம்பூதிரி நீதிமன்றக் கூண்டில் நிற்கிறார். அற்புதத்திலிருந்து நீதிமன்றத்துக்குக் கதை நகர்ந்தது பெரிய நகர்வு. 1843-இன் சட்டம் காகிதத்தில் சொன்ன நான்காம் பிரிவுக்கு நாவல் ஓர் உடலைத் தந்தது எனலாம்.

கடல் கடந்த தமிழர் வரலாற்றிலோ கதை மிகவும் பிந்தியது. 1834 முதல் மொரீசியஸ், 1860 முதல் நேட்டால், பின்னர் ஃபிஜி எனச் சென்ற ஒப்பந்தக் கூலிமுறையை முடிவுக்குக் கொண்டுவந்தவை பெரும்பாலும் சாட்சியங்களும் அறிக்கைகளும் சட்டமன்ற உரைகளுமே. கோகலே 1912-இல் முன்மொழிந்த தீர்மானம், ஃபிஜியிலிருந்து மீண்ட தோதாராம் சனாத்யா சொல்ல பனாரசிதாஸ் சதுர்வேதி எழுதி 1914-இல் வெளிவந்த இந்தி நூல், சி.எஃப். ஆண்ட்ரூஸின் ஆய்வுகள் ஆகியவை அப்பட்டியலில் முன்னிற்கும். ஃபிஜியின் கரும்புத் தோட்டப் பெண்களைப் பற்றிய சுப்பிரமணிய பாரதியின் பாடல் அக்காலத்துத் தமிழ் மனத்தை அசைத்த படைப்பு. கூலிகளை அனுப்புவது 1917-இல் நிறுத்தப்பட்டது. ஃபிஜியில் எஞ்சிய ஒப்பந்தங்கள் 1920 ஜனவரி 1 அன்று நீக்கப்பட்டன.

ஆனால் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்றோர் கங்காணி முறையில் சென்றோர். கடனே அவர்களின் ஒப்பந்தம். புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' 1935-இல் 'மணிக்கொடி'யில் வந்தபோது, வாசவன்பட்டி மருதியின் வழியே தமிழ் வாசகர் ஓர் உண்மையைக் கண்டனர். தோட்டத்துக் கொடுமை தோட்டத்தில் தொடங்குவதில்லை. ஊர்ப் பண்ணையில் தொடங்குகிறது. கணவனைச் சிறைக்கு அனுப்பி அவளை வேரறுத்தது ஊர். பிடுங்கிய நாற்றைக் கொண்டுபோய் நட்டவர் கங்காணி. கதை உள்நாட்டு அடிமைத்தனத்தையும் வெளிநாட்டு அடிமைத்தனத்தையும் ஒரே சங்கிலியின் இரு கண்ணிகளாகக் காட்டியது. வால்பாறைத் தோட்டங்களைப் பற்றி மருத்துவர் பி.எச். டேனியல் எழுதிய 'ரெட் டீ' 1969-இல் ஆங்கிலத்தில் வந்தது. களம் 1920-களின் ஆனைமலை. தமிழில் இரா. முருகவேளின் 'எரியும் பனிக்காடு' 2007-இல், அதைத் தழுவிய 'பரதேசி' 2013-இல். நிகழ்வுக்கும் பொதுநினைவுக்கும் இடையில் எண்பது ஆண்டுகளுக்கு மேல். அந்நினைவு யாரையும் விடுவிக்கவில்லை. ஆனால் தேயிலை என்றால் பசுமை என்றிருந்த ஒரு தலைமுறையின் கண்ணை அது மாற்றியது.

6

இனி நான் வாழும் மண்ணுக்குத் திரும்புகிறேன். சிவராம காரந்தரின் 'சோமன துடி' 1933-இல் வெளிவந்தது. தென்கன்னடத்துப் போகனஹள்ளியில் சங்கப்பய்யாவின் ஆளான சோமனுக்கு ஒரே ஆசை: தனக்கென ஒரு துண்டு நிலத்தை உழ வேண்டும். அவனிடம் இரண்டு எருதுகள் உள்ளன; அவன் சாதிக்கு உழவுரிமை இல்லை. காப்பித் தோட்டக் கடனை அடைக்க மகன்கள் செல்கின்றனர். மகள் பெள்ளியின் உடலே இறுதியில் கடனுக்கு ஈடாகிறது. சோமன் துடியை அடித்தவாறே மாய்கிறான். நந்தன் கதையில் கேட்டோர் விட்டுவிட்ட நிலத்தை இந்நாவல் கையில் எடுத்தது. சோமன் கோயில் கேட்கவில்லை, ஏர் கேட்டான். பி.வி. காரந்தர் 1975-இல் இயக்கிய திரைப்படம் தேசிய அளவில் சிறந்த படத்துக்கான தங்கத் தாமரை பெற்றது. கொத்தடிமை ஒழிப்பு அவசரச் சட்டம் வந்ததும் அதே 1975 அக்டோபரில். இவ்விரண்டுக்கும் காரண காரியத் தொடர்பு உண்டு என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டும் ஒரே காலத்தின் காற்றைச் சுவாசித்தன என்பது மட்டும் உறுதி.

அக்காற்று எழுந்த இடங்களில் மைசூரும் ஒன்று. 1973 நவம்பரில் இந்நகரத்தில் பேசிய அமைச்சர் பி. பசவலிங்கப்பா, கன்னட இலக்கியத்தில் பெரும்பகுதி 'பூசா', அதாவது மாட்டுத் தீவனம் என்றார். கலவரம் மூண்டது, அவர் பதவி இழந்தார். ஆனால் அவர் கேட்ட கேள்வி நிலைத்தது: உழைத்தவனைப் பற்றி எழுதிய இலக்கியத்தில் உழைத்தவனின் குரல் எங்கே? அதன் பின் எழுந்த தலித் இலக்கிய இயக்கம் இக்கேள்விக்கு விடையாக வந்தது. நஞ்சன்கூடு வட்டத்துத் தேவனூரில் பிறந்து, மைசூர் இந்திய மொழிகள் நடுவண் நிறுவனத்தில் சில காலம் பணியாற்றிய தேவனூரு மகாதேவா அவ்வியக்கத்தின் முதன்மையான புனைகதையாளர். அவருடைய தொடக்ககாலக் கதை ஒன்றின் தலைப்பே 'மாரிகொண்டவரு', தம்மை விற்றுக்கொண்டவர்கள் என்பது. திருப்பாம்புரம் கல்வெட்டை அறிந்தவருக்கு அத்தலைப்பு திடுக்கிட வைக்கும்.

மொழியியல் மாணவர் என்ற முறையில் எனக்கு மகாதேவாவின் முதன்மை வேறிடத்தில் உள்ளது. சோமனின் துயரைக் காரந்தர் பொதுக் கன்னட வாசகருக்குப் புரியும் நடையில் மொழிந்தார். 'குசுமபாலெ'யிலோ நஞ்சன்கூட்டுச் சேரியின் பேச்சே கதைசொல்லியின் மொழியாகிறது. கன்னடம் தாய்மொழியான வாசகர்களும் அதைப் படிக்கத் தடுமாறுகின்றனர். அத்தடுமாற்றம் பயனற்றதன்று. இரங்குவதற்கு முன் கற்றுக்கொள் என்று அந்நடை வாசகரிடம் கேட்கிறது. டாமும் நந்தனும் வாசகரின் மொழியில் பேசி இரக்கம் பெற்றனர். இங்கே வாசகர் அவர்களின் மொழிக்கு நடந்து வர வேண்டியிருக்கிறது.

7

தொகுத்துச் சொன்னால், நம் நாட்டில் அடிமை ஒழிப்புப் புனைவு சட்டத்தைக் கொண்டுவரவில்லை. சட்டம் முன்னரே வந்து, தன் வேலை முடிந்ததாக அறிவித்துவிட்டது. கதை செய்த பணி, முடியவில்லை என்று சொன்னது. 'படி', 'ஜீத', 'கடன்' என்ற கூலிச் சொற்களுக்குள் ஒளிந்திருந்த உடைமை உறவை, ஒரு நாள் விடுப்பு, ஒரு துண்டு நிலம், ஒரு மகளின் உடல் என்ற அளவில் கண்முன் நிறுத்தியது. 1843-இல் ஒரே சொல்லால் பேசிய சட்டம், 1952-இல் பண்ணையாள் என்ற தமிழ்ச் சொல்லைத் தன் தலைப்பில் ஏற்று, 1976-இல் முப்பது ஊர்ச் சொற்களை ஏற்றதில், சங்கங்களுக்கும் போராட்டங்களுக்கும் முதற்பங்கு உண்டு. அச்சொற்களைக் கேட்டால் புரிந்துகொள்ளும் காதுகளை உருவாக்கியதில் கதைக்குப் பங்கு உண்டு.

அதே நேரத்தில் நந்தன் கதை ஓர் எச்சரிக்கையும் தருகிறது. கேட்போர் தமக்கு எளிதான பாதியை எடுத்துக்கொண்டு மற்றப் பாதியை விட்டுவிடுவர். கண்ணீர் வந்தது என்பதாலேயே கருத்து மாறிவிட்டது என்று பொருளன்று. புனைவின் தாக்கத்தை ஆய்வோர், மக்கள் அழுதார்களா என்று கேட்பதோடு நில்லாமல், அழுத பின் எதை விட்டுக்கொடுத்தார்கள் என்றும் கேட்க வேண்டும். கோயில் வாசலைத் திறந்தவர்கள் நாற்பது வேலியைத் திறந்தார்களா?

இன்று செங்கற்சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் மீட்கப்படுவோர் பற்றிய செய்திகளில் படியாள், ஜீத என்ற சொற்கள் அரிதாகவே வருகின்றன. 'அட்வான்ஸ்' என்ற சொல் வருகிறது. அதுவும் கூலியின் பெயர்தான். பட்டியலின் முப்பத்தொன்றாவது சொல் அது என்று எனக்குத் தோன்றுகிறது. அச்சொல்லின் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லும் கதையை எழுதப்போகிறவர், சூளையில் வளர்ந்து இப்போது ஏதோ ஒரு கல்லூரியின் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கக்கூடும். ஆசிரியர்களாகவும் ஆய்வாளர்களாகவும் இருக்கும் நண்பர்கள் அவருடைய மொழியைத் திருத்தாமல் இருந்தாலே போதும்.